பழைய ராக் குழுக்கள் மறுபடி சேருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாசிக் ராக் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: "அவங்க மட்டும் திரும்ப ஒண்ணு சேர்ந்தா?" முதல் பாட்டு எது, டிரம்ஸுக்கு யார், எந்த ஊரில் தொடங்குவார்கள் என்று நண்பர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுப்பயணத்தை நடத்தி முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

ரீயூனியன் டூர்னா எதைச் சொல்றீங்க? ரோலிங் ஸ்டோன்ஸ் இன்னமும் வாசிக்கிறாங்களே, அதுவும் இதுல சேருமா?

சேராது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1962இல் தொடங்கினார்கள். ஆட்கள் மாறினார்கள், இறந்தார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் குழுவைக் கலைக்கவில்லை. குழு உடைந்து, பல வருடம் ஆளுக்கொரு திசையில் போய், அதன் பிறகு அதே பெயரில் மேடையேறினால்தான் அது ரீயூனியன்.

இதில் பாதி ரீயூனியன் என்று ஒரு வகையும் உண்டு. குழுவின் பெயர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், விலகிப்போன முக்கியமான ஆட்கள் மட்டும் திரும்பி வருவார்கள். 1996இல் கிஸ் குழுவின் பழைய நால்வரும் முகப்பூச்சோடு திரும்பியது அப்படித்தான்.

சேரவே மாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்க யாராவது சேர்ந்திருக்காங்களா?

நிறைய பேர். ஈகிள்ஸ் 1980இல் உடைந்தது. எப்போது சேர்வீர்கள் என்று கேட்டால், நரகம் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது என்பாராம் அதன் பாடகர்களில் ஒருவரான டான் ஹென்லி. 1994இல் சேர்ந்தபோது அந்த வாசகத்தையே சுற்றுப்பயணத்துக்கும் ஆல்பத்துக்கும் பெயராக வைத்தார்கள். கன்ஸ் என் ரோசஸ் கதையும் இதேதான். 'இந்த ஜன்மத்தில் நடக்காது' என்று பாடகர் ஆக்ஸல் ரோஸ் 2012இல் சொன்னார். 2016இல் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷும் பேஸ் வாசிக்கும் டஃப் மெக்கேகனும் திரும்பினார்கள், அந்த ஜன்ம வாசகமே டூரின் பெயரானது. ஆனால் பழைய குழுவின் இஸி ஸ்ட்ராட்லின் அதில் இல்லை. ஆகவே என் கணக்கில் அது முக்கால் ரீயூனியன்.

ஒயேசிஸ் அண்ணன் தம்பி விவகாரம். 2009 ஆகஸ்டில் பாரிஸில் மேடைக்குப் பின்னால் நடந்த சண்டையோடு நோயல் வெளியேறினார். நோயலும் லியாமும் ஒன்றாக மறுபடி நின்றது 2025 ஜூலை 4 அன்று, கார்டிஃபில். ஒரு குழு 'நடக்காது' என்று சொன்னால் அதை அன்றைய கோபமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதையெல்லாம் பார்த்துத்தான்.

லெட் செப்லின் ஒரே ஒரு ராத்திரி மட்டும் சேர்ந்து வாசிச்சாங்களாமே, உண்மையா?

உண்மை. 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். அவர்களுடைய ரெக்கார்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் அஹ்மத் எர்டெகன். அவர் 2006 டிசம்பரில் இறந்தார். அவர் நினைவாக, அவர் பெயரிலுள்ள கல்வி நிதிக்காக நடந்த கச்சேரி அது. முதலில் நவம்பர் 26 என்றுதான் அறிவித்தார்கள். கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. டிக்கெட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் கொள்ளும் அரங்கத்துக்கு 2 கோடி விண்ணப்பம் வந்ததாக அப்போது சொல்லப்பட்டது.

இது அவர்களுக்கு எவ்வளவு பெரிய பரீட்சை என்று புரிய, முந்தைய முயற்சிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். அந்த டிசம்பரிலேயே, இனி பழைய மாதிரி தொடர முடியாது என்று குழு அறிவித்துவிட்டது. 1985இல் லைவ் எய்ட் நிகழ்ச்சிக்காக பிலடெல்பியாவில் சேர்ந்தபோது ஒத்திகை போதவில்லை, பாடகர் ராபர்ட் பிளான்டின் தொண்டை கட்டியிருந்தது, பேஜின் கிட்டாரில் சுருதி நிற்கவில்லை. ஃபில் காலின்ஸ் லண்டனில் வாசித்துவிட்டு கன்கார்ட் விமானத்தில் நேராக வந்து டிரம்ஸில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு டிரம்மராக டோனி தாம்ப்சன். அந்த வாசிப்பை அதிகாரபூர்வ டிவிடியில் சேர்க்கக்கூட குழு சம்மதிக்கவில்லை. 1988இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் 40ஆவது ஆண்டு விழாவில் மறுபடி முயன்றார்கள். அதுவும் சரிவரவில்லை.

அதனால் 2007க்குப் பல வாரம் ஒத்திகை பார்த்தார்கள். டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். சில பாடல்களைப் பிளான்டின் வயதுக்கு ஏற்பச் சுருதி இறக்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், 1976இல் வெளியிட்டு அதுவரை மேடையில் ஒருமுறைகூட முழுதாக வாசிக்காத ஒரு பாடலை அன்று வாசித்தார்கள். பழைய வெற்றிகளை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போக வந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். நால்வரும் டிரம்ஸைச் சுற்றி நெருங்கி நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதைப் படப்பதிவில் பார்க்கலாம்.

அவ்வளவு நல்லா வாசிச்சிட்டு அப்புறம் ஏன் டூர் போகல?

பிளான்டுக்கு விருப்பமில்லை. 2007 அக்டோபரில்தான் அவரும் அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய ஆல்பம் வந்திருந்தது. அமைதியான, கிராமியச் சாயல் கொண்ட பாடல்கள். மறுவருடம் அதற்கான கச்சேரிகளுக்குப் போய்விட்டார். 2009 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருதும் கிடைத்தது. மற்ற மூவரும் 2008 முழுக்க ஒத்திகை பார்த்தார்கள், வேறு பாடகர்களையும் பாடவைத்துப் பார்த்தார்கள். 2009 தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள்.

பிளான்டைத் திட்டுபவர்கள் ரசிகர்களில் ஏராளம். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. இருபது வயதில் எழுதிய உச்ச ஸ்தாயிப் பாட்டை அறுபது வயதில் ஊர் ஊராகப் பாடி, ஒவ்வொரு இரவும் தன் இளவயதுக் குரலோடு போட்டி போடுவதைவிட, இன்றைய குரலுக்கு ஏற்ற பாட்டைத் தேடிப் போனார். ஒரு பாடகர் தன் கலைக்குச் செய்யும் நேர்மை என்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

பிங்க் ஃபிளாய்ட்ல வாட்டர்ஸும் கில்மரும் இருக்காங்களே, அவங்க ரெண்டு பேரும் மனசு வெச்சா போதாதா?

போதாது. பேஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகினார். பெயர் யாருக்கு என்று வழக்கு நடந்து 1987 கடைசியில் சமரசமானது. கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் தரப்பு அதே பெயரில் தொடர்ந்தது. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சியில் வாட்டர்ஸ், கில்மர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் நால்வரும் 24 வருடம் கழித்து ஒன்றாக வாசித்தார்கள். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும். அப்புறம் பெரிய தொகைகள் பேசப்பட்டன, கில்மர் அசையவில்லை. 2008 செப்டம்பரில் ரைட் இறந்தார்.

ரைட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் குழுவின் ஒலியில் பாதி அவருடைய விசைப்பலகை. கில்மரின் குரலோடு இழையும் இரண்டாவது குரலும் அவருடையதுதான். அவர் இல்லாமல் மூவர் நின்றாலும் நான் கனவு காணும் குழு அங்கே இருக்காது. போதாக்குறைக்கு, 2023இல் வாட்டர்ஸின் அரசியல் நிலைப்பாடுகளைப் பற்றிய மோதல் வெளிப்படையாகவே வெடித்தது. நடக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கடைசில எல்லாம் காசுக்குத்தானே?

காசும் உண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1996இல் சேர்ந்தபோது காசுக்காகத்தான் வருகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள், டூரின் பெயரே அப்படித்தான் இருந்தது. ஆனால் காசு மட்டுமே காரணம் என்றால் மறுத்தவர்களை எப்படி விளக்குவது? 2000 வாக்கில் 100 கோடி டாலர் அளவுக்கு வந்த அழைப்பை ஸ்வீடனின் அப்பா (ABBA) குழு மறுத்தது. பிளான்டும் கில்மரும் மறுத்ததை மேலே சொன்னேன்.

வயதும் ஒரு காரணம். கிரீம் 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றது. 2005 மே மாதம் அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் வாசித்தார்கள். பேஸ் வாசித்த ஜாக் புரூஸுக்கும் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கருக்கும் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இனி முடியாது என்பது கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனுக்குத் தெரிந்திருந்தது. புரூஸ் 2014இலும் பேக்கர் 2019இலும் போய்ச் சேர்ந்தார்கள்.

எழுபது வயசுல வாசிச்சா பழைய மாதிரி இருக்குமா?

பழைய மாதிரி இருக்காது. கிட்டாரும் பேஸும் கீபோர்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். குரலும் டிரம்ஸும்தான் முதலில் விட்டுப்போகும். ஜெனிசிஸ் 2021இல் கடைசியாகச் சேர்ந்தபோது ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் அவர் மகன் நிக்.

வயதைவிடப் பெரிய சிக்கல் பழக்கம் விட்டுப்போவது. தி போலீஸ் 2007 மே மாதம் வான்கூவரில் தொடங்கியபோது மூவருமே நல்ல உடல்நிலையில், தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனாலும் இரண்டாவது இரவு எத்தனை இடங்களில் தடுமாறினார்கள் என்று டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லேண்டே தன் தளத்தில் விளக்கமாக எழுதினார். தனித்தனியாகத் திறமை இருந்தாலும் ஒருவர் எப்போது முந்துவார், எப்போது பின்தங்குவார் என்கிற அனுமானம் திரும்பி வர நாளாகும். போகப் போக அந்த டூர் இறுகி நன்றாகவே அமைந்தது. ஆகவே நீண்ட சுற்றுப்பயணமாக இருந்தால் முதல் வாரக் கச்சேரியைத் தவிர்த்துவிட்டு நடுவில் ஒன்றைக் கேளுங்கள்.

ஒருத்தர் இறந்துட்டா, மகன் வந்து வாசிச்சா அது அதே குழுவா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஜேசன் பான்ஹம் 1966இல் பிறந்தவர், அப்பா இறந்தபோது வயது 14. அப்பாவின் அடி எப்படி இருக்கும், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் எப்படி விழும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். 2007இல் அவர் உட்கார்ந்ததும் மற்ற மூவருக்கும் பழக்கமான தரை காலடியில் கிடைத்தது. அதனால் அந்த இரவை லெட் செப்லின் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஈகிள்ஸில் கிளென் ஃபிரே 2016இல் இறந்த பிறகு அவர் மகன் டீக்கன் வந்தார். குரல் வளமானதுதான். ஆனால் அந்தப் பாடல்களை எழுதிய இருவரில் ஒருவர் இல்லை என்பது கேட்கும்போது தெரிகிறது.

குவீன் வேறு வழியில் போனார்கள். புதிய பாடகர் ஆடம் லாம்பெர்ட்டின் பெயரைக் குழுவின் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டு, இது மறைந்த பாடகர் ஃபிரெடி மெர்குரி இருந்த குழு இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார்கள். அது நேர்மையான ஏற்பாடு. ரஷ் குழுவில் டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தபோது இனி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2025 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த டிரம்மர் அனிகா நில்லஸோடு 2026இல் டூர் போவதாக அறிவித்தார்கள். பியர்டைப் போல வாசிக்க ஆள் தேடாமல், தனக்கென்று ஒரு கை உள்ளவரைக் கூப்பிட்டது எனக்குப் பிடித்தது.

நான் 2001ல பிறந்தேன். இவங்களை மேடைல பார்த்ததே இல்ல. அப்புறம் எனக்கு எப்படி இவ்வளவு ஏக்கம் வருது?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. பார்த்திராதவருக்கு வருவதைப் பழைய நினைவு என்று சொல்ல முடியாது. அப்புறம் என்ன?

இந்தக் குழுக்களில் பலவும் ரெக்கார்டில் இருப்பதை அப்படியே மேடையில் வாசித்தவர்கள் அல்ல. லெட் செப்லின் ஸ்டூடியோவில் ஆறரை நிமிடம் வாசித்த ஒரு பாடல், எழுபதுகளின் கச்சேரிகளில் அரை மணி நேரம் ஓடும். தினமும் வேறு பாதையில் போகும். பிங்க் ஃபிளாய்டின் புகழ்பெற்ற 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில்தான் வெளிவந்தது, ஆனால் 1972 தொடக்கத்திலிருந்தே அதை மேடையில் வாசித்து வாசித்துத்தான் செதுக்கினார்கள். கிரீம் மேடையில் செய்ததில் பெரும்பகுதி மனோதர்மம். ஆக, நம் கையில் இருக்கும் ரெக்கார்டு அந்தப் பாடலின் ஒரு நாள் வடிவம். பான்ஹம் இறந்த அன்றோ வாட்டர்ஸ் விலகிய அன்றோ அடுத்த வடிவம் வராமல் நின்றுபோனது. எந்த வருடம் பிறந்தவராக இருந்தாலும், கூர்ந்து கேட்கிற காதுக்கு அந்த வராத வடிவம் வேண்டும். உங்கள் ஏக்கம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே காரணத்தால்தான் ஈகிள்ஸ் ரீயூனியனைப் பற்றி யாரும் இரவெல்லாம் கனவு காண்பதில்லை. ரெக்கார்டில் உள்ளதை ஸ்வரம் பிசகாமல் வாசிப்பது அவர்கள் பெருமை. அதை நாம் வீட்டிலேயே கேட்டுவிடலாம்.

பீட்டில்ஸ் சேரணும்னு நினைச்சதே இல்லையா?

சேரச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. 1976இல் பில் சார்ஜென்ட் என்ற நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் 5 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். அதே வருடம் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் கேமரா முன் வந்து 3,000 டாலர் தருகிறேன் என்று விளையாட்டாக அழைத்தார். அந்த நிகழ்ச்சியை நியூயார்க்கில் லெனனும் மெக்கார்ட்னியும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள், டாக்சி பிடித்துப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள் என்று லெனன் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். களைப்பாக இருந்ததால் போகவில்லை.

1980 டிசம்பர் 8 அன்று லெனன் கொல்லப்பட்டார். மற்ற மூவரும் தொண்ணூறுகளில் அவருடைய பழைய கேசட்டில் இருந்த குரலோடு சேர்ந்து வாசித்து இரண்டு பாடல்களை முடித்தார்கள். அதே கேசட்டுகளில் இருந்த மூன்றாவது ஒன்று 2023இல் வந்தது. ஆனால் பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டிலேயே டூர் போவதை நிறுத்திவிட்டவர்கள். சேர்ந்திருந்தாலும் ஸ்டூடியோவில்தான் சேர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்பா (ABBA) குழு மாதிரி கணினி உருவத்தை வெச்சு எல்லாரையும் மேடை ஏத்திடலாமே?

அப்பா குழுவுக்கு அது பிரமாதமாகப் பொருந்துகிறது. 2022 மே மாதம் லண்டனில் இதற்கென்றே கட்டிய அரங்கத்தில் தொடங்கினார்கள். நால்வரும் உணர்விகள் பொருத்திய உடையில் வாரக்கணக்கில் ஆடிப்பாடி அசைவுகளைக் கொடுத்தார்கள். கீழே நிஜமான இசைக்கலைஞர்கள் வாசிக்கிறார்கள். நுணுக்கமாக முடித்த பாப் பாடல் தினமும் ஒரே மாதிரி வந்தால் குறை ஒன்றுமில்லை. கிஸ் குழுவும் 2023 டிசம்பரில் கடைசிக் கச்சேரி முடிந்ததும் இந்த வழியை அறிவித்தது.

2001ல் பிறந்தவருக்கு மேலே சொன்ன பதிலை வைத்துப் பார்த்தால் செப்லினுக்கு இது உதவாது. அடுத்த நொடி என்ன வாசிப்பது என்று அந்த உருவம் முடிவெடுக்காதே.

டிக்கெட் விலை ஏன் இப்படி எகிறுது?

வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து விலையை ஏற்றும் முறை வந்துவிட்டது. 2024இல் ஒயேசிஸ் டிக்கெட் விற்றபோது சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், தங்கள் முறை வரும்போது 350 பவுண்டுக்கு மேல் கேட்பதைப் பார்த்தார்கள். பிரிட்டன் போட்டி ஆணையம் விசாரணையே நடத்தியது. குழு நினைத்தால் தடுக்கலாம். தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் 2023 அமெரிக்க டூரில் இந்த முறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அநியாயமான கட்டணங்களில் ஒரு பகுதியை ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வைத்தார்.

இந்தியாவுக்கு இவங்க யாராவது வருவாங்களா?

வந்திருக்கிறார்கள். தி போலீஸ் 1980இலேயே பம்பாயில் வாசித்தது. பேஜும் பிளான்டும் 1972இல் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களோடு தங்கள் பாடல்களை ரெக்கார்டு செய்து பார்த்தார்கள். வாட்டர்ஸ் 2002இல் பெங்களூருக்குத் தனியாக வந்தார். கன்ஸ் என் ரோசஸ் 2012இல் வந்தபோது ஸ்லாஷ் இல்லை. 2025 மே மாதம் மும்பையில் ஸ்லாஷோடு வாசித்தார்கள். சென்னைக்காரர்கள் ரயில் ஏறத் தயாராக இருப்பதே உத்தமம்.

சரி, உங்க கற்பனை டூர் எது?

2009 இளவேனில். பிளான்ட் கிராமி வாங்கிய கையோடு லண்டன் திரும்புகிறார். ஜேசனும் பேஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸும் பேஜும் ஒரு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேடியம் வேண்டாம், 3,000 பேர் கொள்ளும் மண்டபங்கள் போதும். முதல் பாதியில் ஜோன்ஸ் மேண்டலினை எடுக்க, அகூஸ்டிக் பாடல்கள், பிளான்டுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில். இரண்டாம் பாதியில் மின்சாரம். ஒவ்வொரு ஊரிலும் இதுவரை மேடையேறாத ஒரு பழைய பாடல். மொத்தமே பத்து ஊர். தேவையான அத்தனை பேரும் அன்று உயிரோடும் கையில் வாத்தியத்தோடும் இருந்தார்கள் என்பதால்தான் இந்தக் கனவு என்னை விடுவதில்லை.

நல்லபடியா முடிச்சவங்கன்னு யாரையாவது சொல்ல முடியுமா?

பிளாக் சபாத். 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க். அவர்கள் பிறந்து வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் கால்பந்து மைதானம். ஓஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் என்று முதல் நால்வரும் 20 வருடத்துக்குப் பிறகு ஒன்றாக நின்றார்கள். பார்கின்சன் நோயால் நடக்க முடியாத ஓஸி சிம்மாசனம் போன்ற இருக்கையில் உட்கார்ந்தபடியே பாடினார். வருமானம் பார்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் லெட் செப்லினின் 2007 கச்சேரி. 2012இல் 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் படமாகவும் ஆல்பமாகவும் வந்தது. அதற்கு முன் 1973 நியூயார்க் கச்சேரிப் பதிவைக் கேட்டுவிட்டால் ஜேசன் எங்கே அப்பாவைப் பின்பற்றுகிறார், எங்கே தன் வழியில் போகிறார் என்று பிடிபடும். அடுத்து லைவ் 8இல் பிங்க் ஃபிளாய்ட், ரைட்டின் கீபோர்டை மட்டும் தனியாகக் கவனித்து ஒருமுறை. பிறகு கிரீமின் 2005 ராயல் ஆல்பர்ட் ஹால் பதிவு. அதில் பேக்கரும் புரூஸும் ஒருவரையொருவர் துரத்தும் இடங்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும்.